மோதிரம் மின்னுது, குப்பித் தண்ணி எரியுது: ஒரே தங்கம் ரெண்டு விதமா நடந்துக்கறது ஏன்?

எங்கப்பாவுக்கு கோயமுத்தூர் செல்வபுரத்துல சின்னதா ஒரு பட்டறை, நாப்பது வருசமா தங்கத்தோடயே பொழைக்கிற மனுசன், உரைகல்லுல ஒரு இழுப்பு இழுத்தா மாத்து எவ்வளவுன்னு கண்ணாலயே சொல்லிருவாரு. போன வருசம் நான் ஆராய்ச்சி பண்ற காலேஜுல வீட்டாளுங்க வந்து லேபைப் பாக்கலாம்னு ஒரு நாள் வச்சிருந்தாங்க, அன்னைக்கு அவரையும் கூட்டிட்டுப் போனேன். மேசை மேல மூணு பொருள் வச்சேன். ஒண்ணு அவரு கையில இருந்தே கழட்டி வாங்குன மோதிரம். ரெண்டாவது ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியில திராட்சை ஜூஸ் மாதிரி செவந்த தண்ணி. மூணாவது குப்பியில சுக்குக்காப்பி கலர்ல ஒரு தண்ணி, பாத்தா ஒரு அழகும் இல்ல. மூணுலயும் இருக்கறது தங்கம்தான். லைட்டை அணைச்சுட்டு, கள்ள நோட்டு பாக்க வச்சிருப்பாங்களே அந்த மாதிரி யூவி (புற ஊதா) டார்ச், அலைநீளம் 365 நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமா பிரிச்சா ஒரு நானோமீட்டர்), அதை ஒவ்வொண்ணு மேலயும் அடிச்சேன்.

மோதிரத்துல டார்ச்சோட ஊதா வெளிச்சம் லேசா பட்டுத் தெறிச்சுது, அவ்வளவுதான். செவந்த தண்ணியில ஒண்ணுமே இல்ல, இருட்டுல கறுப்பா நின்னுச்சு. மூணாவது குப்பி, அந்த சுக்குக்காப்பித் தண்ணி, அடுப்புல கங்கு கனியற மாதிரி செக்கச் செவேல்னு எரிஞ்சுது.

"ஏங்கண்ணு, உள்ள சாயம் எதாச்சும் போட்டிருக்கியா?"

"இல்லீங்ப்பா, தங்கமும் ஒரு புரோட்டீனும்தானுங்."

"எத்தனை மில்லி தங்கம்?"

"பத்து மில்லி வருங்ப்பா."

சித்த நேரம் ஒண்ணும் பேசல. அப்பறம் டார்ச்சை என் கையில இருந்து வாங்கி இன்னொருக்கா மோதிரத்து மேல அடிச்சுப் பாத்தாரு. அவரு கேக்காம கேட்ட கேள்வி எனக்குப் புரிஞ்சுது, அதே தங்கம், அதே டார்ச், இது ஏன் எரியல? அதுக்குத்தான் இந்தக் கட்டுரை. நெட்டுல தமிழ்ல நானோ தங்கம் பத்தி எழுதறவங்க முக்காவாசிப் பேரு மின்னறது, கலர் காட்டறது, தானே வெளிச்சம் விடறது மூணையும் ஒட்டுக்கா 'ஒளிருது'ன்னு எழுதிடறாங்க, அதுல இருந்துதான் எல்லாக் குழப்பமும் வருது. மூணும் வேற வேற. பியூட்டி பார்லர்ல நானோ கோல்டு க்ரீமுன்னு சொல்ற பளபளப்பெல்லாம் இந்தக் கணக்குலயே வராது.

மோதிரத்துல இருந்து வரேன். உலோகம்னா உள்ள கோடிக்கணக்கான எலக்ட்ரான் எந்த அணுவுக்கும் சொந்தமில்லாம ஒரு குளம் மாதிரி கிடக்கும். வெளிச்சம் வந்து பட்டா அந்தக் குளம் அதே தாளத்துக்கு ஆடி வெளிச்சத்தைத் திருப்பி விட்டுரும், இதுதான் மின்னறது. வர்ற வெளிச்சம் இருந்தாத்தான் மின்னும், கும்மிருட்டுல பத்தரை மாத்துத் தங்கமும் கருங்கல்லும் ஒண்ணுதான். ஆனா எல்லாத்தையும் திருப்பி விடாது. தங்கத்துல ஆழமா இருக்கற இன்னொரு கூட்டம் எலக்ட்ரான், அதுங்களைத் தூக்கி மேல போட சுமாரா 2.4 எலக்ட்ரான் வோல்ட் (அணு அளவுல சக்தியை அளக்கற அலகு இது) சக்தி போதும், அது நீல வெளிச்சத்துகிட்ட இருக்கு. அதனால தங்கம் நீலத்தை முழுங்கிட்டு மிச்சத்தைத் திருப்பி விடுது, நம்ம கண்ணுக்கு மஞ்சளா தெரியுது. வெள்ளியில அதே வேலைக்குக் கிட்டத்தட்ட 4 எலக்ட்ரான் வோல்ட் வேணும், அது யூவி, கண்ணுக்குத் தெரியற எல்லாக் கலரும் திரும்பிடுது, அதான் சேலத்துக் கொலுசு வெள்ளை வெளேர்னு இருக்கு. தங்கத்துக்கு மட்டும் ஏன் இந்தச் சலுகைன்னா, அதோட கருவுல 79 புரோட்டான், அந்த இழுப்புல உள்வட்டத்து எலக்ட்ரான் ஒளியோட வேகத்துல பாதிக்கு மேல ஓடுது, ஐன்ஸ்டீன் சொன்ன சார்பியல் கணக்கைப் போட்டாத்தான் மஞ்சள் நிறமே வரும். கல்யாணத்துக்கு பவுன் வாங்கறப்ப நம்ம காசு குடுக்கற அந்த மஞ்சள் சார்பியலோட மஞ்சள், இதை நெனச்சா எனக்கு இன்னமும் மேல் சிலிர்க்கும்.

என் டார்ச்சோட வெளிச்சம் 3.4 எலக்ட்ரான் வோல்ட். 2.4க்கு மேலயே இருக்கு, அப்ப மோதிரம் அதுல ஒரு பங்கை நல்லாவே முழுங்குது. முழுங்குன சக்தி எங்க போச்சு?

கீழ்பவானி வாய்க்கால் பாசனத்துல இருக்கறவங்களுக்கு இது சட்டுனு புரியும். மேல தண்ணி தொறந்தாச்சு, ஆனா வழி நெடுக மடை, கசிவு, உடைப்பு. கடைமடைக்காரன் வயலுக்கு வந்து சேர்றது எவ்வளவு? உலோகத்துக்குள்ள சூடான எலக்ட்ரானோட கதியும் அதேதான். பக்கத்துல இருக்கற எலக்ட்ரான் மேல முட்டி, ஒரு செகண்டைப் பத்து லட்சம் கோடியா பிரிச்சா வர்ற துணுக்கு நேரம் சிலதுக்குள்ளயே சக்தியைப் பங்கு போட்டுரும், அப்பறம் ஒரு சில பிக்கோசெகண்டுல (செகண்டை லட்சம் கோடியா பிரிச்சா ஒரு பிக்கோசெகண்டு) மிச்சமும் அணுக்களோட அதிர்வுல இறங்கிச் சூடாப் போயிரும். வெளிச்சமா வெளிய வரணும்னா சாதாரணமா நானோசெகண்டு கணக்குல நேரம் வேணும், பிக்கோசெகண்டை விட ஆயிரம் மடங்கு எச்சா. அவ்வளவு நேரம் எலக்ட்ரானுக்குக் கெடைக்கறதே இல்ல. உலோகத்துல சக்திப் படிகள் படியாவே இருக்காது, வழுக்கற சரிவு மாதிரி தொடர்ந்து இருக்கும், எங்க நின்னாலும் கீழ இறங்க இடம் உண்டு.

ஆனா சுத்தமா வெளிச்சமே விடாதுன்னு சொன்னா தப்பு. 1969ல மூராடியன்னு ஒருத்தர் லேசரைத் தங்கத்து மேலயும் செம்பு மேலயும் அடிச்சு, ரொம்ப மங்கலா ஒரு வெளிச்சம் வெளிய வர்றதை அளந்து காட்டுனாரு. எவ்வளவு மங்கல்னா, ஆயிரம் கோடி ஃபோட்டானை, அதாவது வெளிச்சத் துணுக்கை, முழுங்கி ஒண்ணே ஒண்ணைத் திருப்பிக் குடுக்குது. எங்கப்பா மோதிரமும் அன்னைக்கு அந்த இருட்டுல எரிஞ்சுதான் இருக்கும், அந்தக் கடைமடைத் தண்ணிய பாக்கறதுக்கு நம்ம கண்ணு பத்தாது.

இனி செவந்த தண்ணி. இதை நானே காய்ச்சுனேன், காய்ச்சறதைப் பாக்கறதே ஒரு சந்தோசம், அதனால கொஞ்சம் விலாவாரியா சொல்றேன். அப்பா பழைய நகையைச் சுத்தம் பண்ண ராஜ திராவகத்துல கரைச்சு வப்பாரு, மஞ்சளா ஒரு தண்ணி வரும். லேபுல அதுக்கு குளோரோ ஆரிக் ஆசிட்னு பேரு, ரெண்டும் ஒரே சரக்கு. அதை ரொம்பத் தண்ணியா கரைச்சுக் கொதிக்க வச்சு, சோடியம் சிட்ரேட்டை, எலுமிச்சையில இருக்கற சிட்ரிக் ஆசிடோட உப்புதான் அது, ஒரே மூச்சுல ஊத்தணும். மொதல்ல மஞ்சள் வெளுத்து வெறும் தண்ணி மாதிரி ஆயிரும், காரியம் கெட்டுப் போச்சுன்னு தோணும், கை எடுக்காம கலக்கிட்டே இருந்தா சாம்பல் பூத்த மாதிரி ஒரு நீலம் ஏறும், அது கறுத்து, ஊதாவாகி, சில நிமிசத்துல பளிச்சுனு செவந்துரும். 1951ல டர்கெவிச் குழு எழுதி வச்ச முறை, இன்னைக்கும் உலகம் பூரா லேபுல மொதல்ல இதைத்தான் பண்ணுவாங்க. வர்ற உருண்டை சுமாரா 20 நானோமீட்டர், ஒரு உருண்டைக்குள்ள ஏறக்குறைய ரெண்டரை லட்சம் தங்க அணு இருக்கும்.

இந்தச் செவப்பு எங்க இருந்து வருது? திருப்பூர் சாயப்பட்டறையில வேலை செஞ்சவங்க கிட்ட கேட்டா, கலர் மாத்தணும்னா சாயத்தை மாத்தணும்னு சொல்வாங்க. இங்க சரக்கு மாறவே இல்ல, அளவு மாறுச்சு, கலர் மாறிருச்சு. பால் சொசைட்டிக்கு டிவிஎஸ் 50ல பாதி ரொம்பின கேனை வச்சு ஓட்டிட்டுப் போனவங்களுக்குத் தெரியும், ரோட்டு மேடுபள்ளத்தோட தாளமும் கேனுக்குள்ள பால் ததும்பற தாளமும் ஒத்துப் போச்சுன்னா வண்டியையே தூக்கி அடிக்கும், மத்த வேகத்துல ஒண்ணும் தெரியாது. சின்ன உருண்டைக்குள்ள மாட்டுன எலக்ட்ரான் குளம் அந்தக் கேனுப் பால்தான், வெளிச்சம்தான் ரோடு. 20 நானோமீட்டர் தங்கத்துக்கு ததும்பற தாளம் 520 நானோமீட்டர்கிட்ட ஒத்துப் போகுது, அது பச்சை. பச்சையை உருண்டை உறிஞ்சிக்குது, மிச்சம் நம்ம கண்ணுக்குச் செவப்பு. இந்தத் ததும்பலுக்குத்தான் பிளாஸ்மான்னு பேரு. ஒரு சிட்டிகை உப்பைப் போட்டா உருண்டையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், தாளம் மாறி தண்ணி நீலமாயிரும். வெள்ளியை இதே மாதிரி சின்ன உருண்டையாக்குனா 400 நானோமீட்டர்கிட்ட உறிஞ்சி தண்ணி மஞ்சளா நிக்கும், வெள்ளைப் பொருள் மஞ்சளாகுது, மஞ்சள் பொருள் செவப்பாகுது.

இதை மொதல்ல ஒழுங்கா ஆராய்ஞ்சது மைக்கேல் ஃபாரடே, 1857ல. அவரு செஞ்சு வச்ச செவப்புத் தங்கத் தண்ணி லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல இன்னமும் இருக்கு. உருண்டையோட அளவுக்கும் கலருக்கும் முழுக் கணக்கையும் 1908ல குஸ்டாவ் மீ போட்டுக் குடுத்தாரு. அதுக்கெல்லாம் ரொம்ப முன்னாடியே, கணக்கு தெரியாம, ரோமானியர் கையால செஞ்சு வச்சிருக்காங்க, பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கற லைகர்கஸ் கிண்ணம், நாலாம் நூற்றாண்டு, வெளியில இருந்து வெளிச்சம் பட்டா பச்சை, உள்ள விளக்கு வச்சா செவப்பு. கண்ணாடிக்குள்ள வெள்ளியும் தங்கமும் கலந்த துகள், 50ல இருந்து 100 நானோமீட்டர். ரோமானியக் காசு நம்ம வெள்ளலூர்ல புதையலா கெடைச்சிருக்கு, அந்த ஊர்க்காரங்களோட கைவேலைதான் இதுவும்னு நெனைக்கறப்ப மனசுக்கு ஒரு நெருக்கம் வருது.

இத்தனை தூரம் கூட எதுக்குப் போகணும், மெடிக்கல்ல வாங்கற பிரெக்னன்சி டெஸ்ட் கார்டுல விழற இளஞ்செவப்புக் கோடு பெரும்பாலும் இதே தங்க உருண்டைதான். கொரோனா நேரத்துல வந்த ரேபிட் டெஸ்ட் கார்டுலயும் நெறையாதுல இதுதான். உருண்டைங்க வரிசையா வந்து ஒரு கோட்டுல மாட்டிக்கும்போது கண்ணுக்குத் தெரியுது. கவனிங்க, இதுல எதுவும் வெளிச்சம் விடல. கிண்ணமும் விடல, கார்டுலயும் விடல, ஃபாரடேயோட தண்ணியும் கண்ணுக்குத் தெரியற மாதிரி விடல. உறிஞ்சறதும் சிதறடிக்கறதும் மட்டும்தான் நடக்குது. என் ரெண்டாவது குப்பி இருட்டுல கறுப்பா நின்னதுக்குக் காரணம் அதுதான்.

ஆனா மோதிரத்துல ஆயிரம் கோடிக்கு ஒண்ணுன்னு இருந்த கசிவு இங்க கூடுது. 1986ல பாய்ட், யூ, ஷென் மூணு பேரும் சொரசொரப்பான உலோகப் பரப்புல அந்த வெளிச்சம் நெறைய கூடறதைக் காட்டுனாங்க. 2000ல ஜார்ஜியா டெக்ல எல் சயீத் குழு, உருண்டைக்குப் பதிலா குச்சி மாதிரி நீளமான தங்கத் துகளைச் செஞ்சு பாத்தப்ப, கட்டித் தங்கத்தை விட பத்து லட்சம் மடங்குக்கு மேல வெளிச்சம் விட்டுச்சு. காரணம் அந்தத் ததும்பல்தான். முழுங்குன சக்தி வழியிலயே கசிஞ்சு தீர்றதுக்குள்ள, பிளாஸ்மான் ஒரு ஆன்டெனா மாதிரி நின்னு கொஞ்சத்தைப் புடிச்சு வெளிய அனுப்பிடுது. குச்சியோட நீளத்தை மாத்துனா ததும்பற தாளம் மாறும், வெளிச்சத்தோட கலரும் கூடவே மாறும்.

பத்து லட்சம் மடங்குன்னதும் பெருசா தோணும், கணக்கு பாத்தா அப்பவும் பத்தாயிரத்துல ஒண்ணுன்னு அந்த ரேஞ்சுலதான் கெடக்குது, ஒரு நல்ல சாயம் நூத்துக்கு தொண்ணூறு திருப்பிக் குடுக்கற எடத்துல. ஆனாலும் இது வேலைக்கு ஆகுது, ஏன்னா ஒரு தங்கத் துகள் ஒரு சாய மூலக்கூறை விட லட்சக்கணக்கான மடங்கு வெளிச்சத்தை முழுங்கும், வெளுக்காது, அணைஞ்சு அணைஞ்சு எரியாது, அளவா லேசர் அடிச்சா ரொம்ப நேரம் நிக்கும். 2005ல அமெரிக்காவுல ஒரு எலியோட காது ரத்தக் குழாய்க்குள்ள ஓடற தங்கக் குச்சிங்களை ஒண்ணொண்ணா இந்த வெளிச்சத்தை வச்சுப் பாத்தாங்க. 2009ல ஆஸ்திரேலியாவுல ஸ்வின்பர்ன் பல்கலைக்கழகத்துல தங்கக் குச்சிங்களை வச்சு டிஸ்க்ல எழுதிப் படிச்சாங்க, படிக்கறதுக்கு இந்த வெளிச்சம்தான். 2018ல நெதர்லாந்து லைடன்ல ஒரு துகள் எவ்வளவு சூடா இருக்குன்னு அதோட வெளிச்சத்தை வச்சே அளந்தாங்க, அடிச்ச லேசரை விட சக்தி எச்சாவான ஃபோட்டான் கொஞ்சம் வெளிய வரும், சூடு ஏற ஏற அது கூடும், தெர்மாமீட்டருக்கு அதுவே போதும்.

இந்த வெளிச்சம் உண்மையிலேயே என்னன்னு ஒரு சண்டை நடந்துட்டே இருக்கு, எனக்கு இந்தத் துறையிலயே ரொம்பப் புடிச்ச சண்டை இதுதான். முழுங்கி, கொஞ்சம் வச்சிருந்து, அப்பறம் விடற வெளிச்சம்னு ஒரு கட்சி. முழுங்கவே இல்ல, வந்த ஃபோட்டான் எலக்ட்ரான் மேல மோதி கொஞ்சம் சக்தியைக் குடுத்துட்டோ வாங்கிட்டோ அப்படியே போகுது, சர் சி. வி. ராமன் கண்டுபுடிச்ச சிதறலோட உறவுக்காரன் இதுன்னு இன்னொரு கட்சி. எந்தக் கலர் லேசர், தொடர்ந்து அடிக்கறதா துடிப்பு துடிப்பா அடிக்கறதா, அதைப் பொறுத்து ரெண்டு பக்கத்துக்கும் சாட்சி கெடைக்குது. நீல லேசர் அடிச்சா ஆழத்து எலக்ட்ரான் கூட்டம் எழும்பி மொதல் கட்சி சொல்றது நடக்குது, செவப்பு லேசர்ல ரெண்டாவது கட்சிக்குத்தான் வலு எச்சான்னு நான் நெனைக்கறேன்.

சரி, மூணாவது குப்பி.

இதுக்கு அடுப்பே தேவையில்ல. அதே மஞ்சள் தங்கத் தண்ணி 5 மில்லிலிட்டர், மாட்டு ரத்தத்துல இருந்து எடுக்கற ஆல்புமின் புரோட்டீன் கரைச்ச தண்ணி 5 மில்லிலிட்டர், கலந்து ரெண்டு நிமிசம் விட்டு அரை மில்லிலிட்டர் காஸ்டிக் சோடாத் தண்ணி, அப்பறம் நம்ம உடம்புச் சூடு 37 டிகிரியில பன்னெண்டு மணி நேரம். சாயங்காலம் வச்சுட்டு வீட்டுக்குப் போயிட்டு காலையில வந்து பாத்தா இளமஞ்சள் போய் சுக்குக்காப்பி ஆயிருக்கும். 2009ல சிங்கப்பூர்ல ஷீ, ஜெங், யிங் குழு வெளியிட்ட முறை. புரோட்டீனுக்குள்ள இருக்கற கந்தகம் தங்கத்தைக் கெட்டியா புடிச்சுக்கும், காஸ்டிக் சோடா ஊத்துனதும் அதே புரோட்டீன் தங்கத்தை மெதுவா உலோகமாக்கும், பெருசா வளர விடாது. கந்தகத்துக்கும் நகைக்கும் உள்ள பாசம் வீட்டுலயே தெரிஞ்சதுதான், முட்டை உரிச்ச கையோட வெள்ளி மோதிரம் போட்டா கறுத்துரும். முட்டை வெள்ளைக்கருவை வச்சும் இந்த மாதிரி எரியற தங்கம் செஞ்சிருக்காங்க, நாமக்கல் முட்டையில ஒரு நாள் நானும் செஞ்சு பாக்கணும்.

கடைசியில கெடைக்கறது ஒரு கூட்டுக்கு சுமாரா 25 தங்க அணு. ரெண்டரை லட்சம் எங்க, இருபத்தஞ்சு எங்க. இதுக்குத் துகள்னு பேரு சொல்றது கூடச் சரியில்ல, கிளஸ்டர்னுதான் சொல்றாங்க. பத்து மில்லிகிராம் தங்கத்துல 3க்குப் பின்னாடி 19 சைபர் போட்டா எத்தனையோ அத்தனை அணு, அதை இருபத்தஞ்சு இருபத்தஞ்சா கூறு கட்டி வச்ச மாதிரி நெனச்சுக்குங்க.

இவ்வளவு சின்னதானதும் என்ன மாறுதுன்னா, அந்த வழுக்குச் சரிவு படிக்கட்டா மாறிடுது. தங்கத்துக்குள்ள ஓடற எலக்ட்ரானோட அலைநீளம் சுமாரா அரை நானோமீட்டர், அது அடைபட்ட கூடே ஒரு நானோமீட்டர்னா, எலக்ட்ரானுக்கு இஷ்டத்துக்கு நிக்க எடமில்ல, குறிப்பிட்ட சில படியிலதான் நிக்கலாம். மேல் படிக்குத் தூக்கி விட்ட எலக்ட்ரானுக்குக் கீழ் படி ரொம்ப ஆழத்துல இருக்கு, நடுவுல கால் வைக்க ஒண்ணும் இல்ல. துண்டு துண்டா சக்தியை இழந்து இறங்க முடியல, அங்கயே காத்திருக்குது, நானோசெகண்டு, சில கிளஸ்டர்ல மைக்ரோசெகண்டு வரைக்கும், கடைசியில ஒரே குதி. குதிக்கறப்ப மொத்த சக்தியும் ஒரு ஃபோட்டானா வெளிய வருது. வாய்க்கால்ல உடைப்பே இல்லாம குழாய் போட்டு கடைமடைக்குத் தண்ணி கொண்டு போன கதை.

படி எவ்வளவு ஒசரம்னு ஒரு எளிய கணக்கு உண்டு, பேனா எடுத்து நீங்களே போட்டுப் பாக்கலாம். தங்கத்தோட ஃபெர்மி சக்தி, அதாவது அந்த எலக்ட்ரான் குளத்துல மேல் மட்டத்துல நிக்கற எலக்ட்ரானோட சக்தி, சுமாரா 5.5 எலக்ட்ரான் வோல்ட். கிளஸ்டர்ல எத்தனை அணுவோ அதோட கன மூலத்தால வகுக்கணும். 8 அணுன்னா கன மூலம் 2, விடை 2.75, அது நீல வெளிச்சம். 2004ல ஜார்ஜியா டெக்ல டிக்சன் குழு 8 அணுத் தங்கம் செஞ்சு அளந்தப்ப 455 நானோமீட்டர் நீலம்தான் வந்துச்சு, அதுவும் நூறு முழுங்குனா நாப்பதுக்கு மேல திருப்பிக் குடுத்துச்சு. 13 அணுவுக்குப் போட்டா 2.34, அவங்க அளந்தது பச்சை. ஆயிரம் கோடிக்கு ஒண்ணு குடுத்த அதே உலோகம் எட்டே அணுவா நின்னப்ப நூத்துக்கு நாப்பதுக்கு மேல குடுக்குது. நான் மொத மொத இந்தக் கணக்கைப் போட்டுப் பாத்த ராத்திரி தூக்கமே வரல.

25க்குப் போட்டா 1.88 வரும், அது 660 நானோமீட்டர், என் குப்பியில வர்ற செவப்பு 640, பொருந்தற மாதிரியே இருக்கு. ஆனா இதை முழுசா நம்பக் கூடாதுங்க. எளிய கணக்கு உள்ள இருக்கற எலக்ட்ரானை மட்டும் எண்ணுது, வெளியில தங்கத்தைச் சுத்தி கந்தகம் புடிச்சுகிட்டு இருக்கறதைக் கண்டுக்கறதே இல்ல. 25 அணுக் கிளஸ்டர்ல கிட்டத்தட்ட பாதி வெளித்தோல்தான். அந்தத் தோல்ல இருக்கற தங்கமும் கந்தகமும் சேர்ந்துதான் செவப்பு, ஆரஞ்சு வெளிச்சத்துல பெரும் பங்கு வகிக்குதுன்னு சாட்சி சேந்துட்டே இருக்கு, 2012ல அந்தத் தோலைத் தடிப்பா வச்சுச் செஞ்ச கிளஸ்டர் நூத்துக்கு 15கிட்ட திருப்பிக் குடுத்ததே அதுக்கு ஒரு சாட்சி. நம்ம நாட்டுல ஐஐடி மெட்ராஸ்ல டி. பிரதீப் குழு ரொம்ப வருசமா தங்கம், வெள்ளி கிளஸ்டர்ல வேலை பண்ணிட்டு இருக்காங்க, கூடவே தண்ணியைச் சுத்தம் பண்றதுலயும். இந்த ரெண்டும் ஒரே எடத்துல இருக்கறது தற்செயல் இல்ல.

அதுக்குக் காரணத்தை அன்னைக்கு லேபுலயே அப்பாவுக்குக் காட்டுனேன். அந்த எரியற குப்பியில இருந்து கொஞ்சம் தனியா எடுத்து, டார்ச்சை அடிச்சுகிட்டே, பாதரச உப்பு கரைச்ச தண்ணியை ஒரு சொட்டு விட்டேன். சொட்டு விழுந்த எடத்துல இருந்து செவப்பு சுருங்கிச் சுருங்கி, ஒரு கலக்கு கலக்குனதும் ஒட்டுக்கா அணைஞ்சு போச்சு. அப்பா மோதிரத்தைப் பட்டுனு எடுத்து விரல்ல போட்டுகிட்டு மேசையை விட்டு ஒரு எட்டு பின்னால போயிட்டாரு. பட்டறைக்காரங்களுக்கு ரசம்னா, பாதரசத்தை அப்படித்தான் சொல்வாங்க, அந்தப் பயம் இருக்கும், நகையில பட்டா வெளுத்து உளுத்துப் போயிரும்னு கண்ணால பாத்தவங்க. குப்பியில நடந்தது கொஞ்சம் வேற, இங்க தோல்ல இருக்கற தங்க அயனியும் பாதரச அயனியும் ஒண்ணை ஒண்ணு இழுத்துப் புடிச்சுக்குது, ரெண்டோட எலக்ட்ரான் அமைப்பும் ஒரே மாதிரி, அந்தப் புடியில மேல் படியில நின்ன எலக்ட்ரானுக்குப் புதுசா ஒரு கசிவு கெடைச்சிருது. 2010ல அதே சிங்கப்பூர் குழு இதை வச்சு 0.5 நானோமோலார் பாதரசத்தைக் கூடக் கண்டுபுடிக்கலாம்னு காட்டுனாங்க. நம்ம நாட்டுக் குடிநீர்த் தரத்துல அனுமதிச்சிருக்கறது லிட்டருக்கு 0.001 மில்லிகிராம், அது சுமாரா 5 நானோமோலார், அதுல பத்துல ஒரு பங்கையே இந்தச் செவப்பு மோப்பம் புடிச்சுரும்.

எங்க தெருவுல நான் சின்னப் புள்ளையா இருந்தப்ப விடியக்காலையில சாக்கடை மண்ணை அள்ளிட்டுப் போய் அரிப்பாங்க, பட்டறைக் கூட்டற தூசியையும் வெலைக்கு வாங்குவாங்க, அதுல சிக்கியிருக்கற அரப்பொடித் தங்கத்தை எடுக்க ரசம் போட்டுப் பெசைஞ்சு, அப்பறம் அடுப்புல வச்சு ரசத்தை ஆவியா வெரட்டுவாங்க. அந்தப் புகையை மோந்துகிட்டேதான் நாங்கெல்லாம் விளையாடுனோம். அந்த மண்ணுல, அது போய்ச் சேர்ற தண்ணியில ரசம் எவ்வளவு இருக்குன்னு கையில எடுத்துட்டுப் போற ஒரு டார்ச்சும் ஒரு குப்பியும் வச்சுச் சொல்ல முடியணும்ங்கறதுதான் இப்ப என் வேலை. முட்டுக்கட்டை எங்க நிக்குதுன்னா, பட்டறைத் தெரு சாக்கடையில ரசத்தை விட செம்பு பல மடங்கு எச்சா இருக்கும், நகையில கலக்கறதே செம்புதான், திராவகத்துல கரைஞ்சு அதுவும் சாக்கடைக்குத்தான் வருது, செம்பும் சில வகைக் கிளஸ்டரை அணைச்சுப் போடும். செவப்பு அணைஞ்சா ரசத்தாலயா செம்பாலயான்னு பிரிச்சுச் சொல்லத் தெரியணும். அதுக்குச் செம்பைக் கவ்விப் புடிக்கற ஒரு பொருளை மொதல்லயே எவ்வளவு போட்டா ரசத்தைத் தொடாம விடும்னு அளவு பாத்துட்டு இருக்கேன். போன வாரம் அப்பா ஒரு பழைய ஊறுகாய் பாட்டில் நெறைய பட்டறை வாசச் சாக்கடைத் தண்ணியைப் புடிச்சு, மூடி மேல தேதி எழுதி, டிபன் பாக்ஸோட சேத்து என் பையில வச்சு அனுப்புனாரு.